மண்ணுக்கும் வருணமா?

மனிதனை நாலு சாதியாகப் பிரித்து, ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான் என்று எழுதி வைத்துக்கொண்டவர்கள் அதோடு திருப்தியடைந்து சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. காலின் கீழே கிடக்கும் மண்ணையும் நாலு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது நாம் கேலிக்காகச் சொல்லுவதல்ல. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் என்பவர் சமஸ்கிருதத்தில் எழுதிய பிருஹத் சம்ஹிதை என்னும் நூலில், வீடு கட்ட நிலம் பார்க்கும் பகுதியில், வெள்ளை மண் பிராமணனுக்கும், சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கும், மஞ்சள் மண் வைசியனுக்கும், கறுப்பு மண் சூத்திரனுக்கும் உகந்தது என்று விதிக்கப்பட்டிருக்கிறது. நிறம் மாத்திரம் போதாதென்று மணமும் ருசியும் வேறு சொல்லப்பட்டிருக்கின்றன. முதல் வருணத்தான் மண்ணில் நெய் மணக்குமாம். இரண்டாவது வருணத்தான் மண்ணில் இரத்த வாடை வீசுமாம். மூன்றாவதில் சோற்று மணமாம். நாலாவதில் கள் நாற்றமாம்! வாயில் போட்டுப் பார்த்தால் முதல் மண் இனிக்குமாம்; அடுத்தது துவர்க்குமாம்; அதற்கடுத்தது புளிக்குமாம்; கடைசி மண் உறைக்குமாம். மண்ணைத் தின்று பார்த்துச் சாதி கண்டுபிடிக்கிற இந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்லுவது!

ஐந்தாவதாகத் தள்ளி வைக்கப்பட்ட மக்களுக்கு என்ன நிறத்து மண் என்று வாசகர்கள் கேட்கலாம். அவர்களுக்கு நிறமே சொல்லவில்லை. மண்ணே இல்லாதவனுக்கு நிறம் எதற்கு என்று சாஸ்திரக்காரர் நினைத்தார் போலும்.

“இதெல்லாம் பழைய ஏட்டுச் சங்கதி, இப்போது யார் இதைப் பார்க்கிறார்கள்?” என்று சிலர் நம்மைக் கேட்பார்கள். மனை வாங்கப் போகிறவர்களைப் பாருங்கள். மண்ணின் பலத்தைச் சோதிக்க ஒரு என்ஜினியரை அழைப்பதற்கு முன்னால், வாஸ்து பார்க்கிறவரை வண்டி வைத்து அழைத்துப் போகிறார்கள். வாஸ்துப் புத்தகங்கள் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக விற்கின்றன. பள்ளியில் விஞ்ஞானம் படித்துத் தேறினவர்களே அவற்றை வாங்குகிறார்கள். அரசாங்கக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுவதானாலும் முதலில் பூமி பூஜை நடக்கிறது. ஆகவே ஏடு பழையதாக இருந்தாலும் வியாபாரம் புதியதாகவே இருந்து வருகிறது.

இதைக் கேலி செய்துவிட்டு விட்டுவிடுவது நமது வேலையல்ல. மண் எங்கிருந்து வந்தது, அதற்கு நிறம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், கேலி தானாக வந்துவிடும்.

தோழர்களே! ரோட்டு ஓரத்தில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறதே, அதில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, புதிதாக உடைந்த பக்கத்தை வெயிலில் காட்டிப் பாருங்கள். அது ஒரே பொருள் அல்ல. கண்ணாடிச் சில் போல ஒன்று மினுக்கும். அதுதான் வயல் வரப்புகளில் உருண்டு கிடக்கும் வெங்கச்சங்கல்லின் இனம். குவார்ட்ஸ் என்று சொல்லுவார்கள். பால் நிறமாகவோ வெளிர்ச் சிவப்பாகவோ தட்டையாகப் பளபளப்பது பெல்ஸ்பார். ஏடு ஏடாக உரியும் காக்கைப்பொன் சில கற்களில் இருக்கும். கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை இரும்பும் மக்னீஷியமும் கலந்தவை. இத்தனையும் பூமிக்குள் கடும் உஷ்ணத்திலும் அமுக்கத்திலும் ஒன்றாக இறுகிக் கல்லாயின. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பிருஹத் சம்ஹிதைக்கு வயது 1500 ஆண்டு. வருணம் என்ற வார்த்தை மனிதன் வாயில் வருவதற்கு 250 கோடி ஆண்டுக்கு முன்பே இந்தக் கல் இருந்தது என்பதை மாத்திரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கெட்டியான கல் மண்ணாவது எப்படி? யாரும் சபிக்கவில்லை. யாரும் காலால் தொடவுமில்லை. பகலில் வெயிலில் பாறை விரிகிறது, இரவில் சுருங்குகிறது, இப்படி நாள் தவறாமல் நடக்க அதன் மேல்தோல் ஏடு ஏடாக விடுகிறது. கல்லுடைக்கும் தொழிலாளிக்கு இது புதிய சங்கதியல்ல. பாறையின்மேல் விறகுத் தீ மூட்டி, மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், மேல் ஏட்டைப் பலகை போலக் கிளப்பும் தொழிலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். விரிசலில் ஓர் ஆலம்விதை விழுந்தால் வேர் அதைப் பிளக்கும். கோயில் கோபுரத்தில் முளைத்த அரசங்கன்று கோபுரத்தையே பிளப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வேருக்கு இது சாமி வீடு, இது ஆசாமி வீடு என்ற வித்தியாசம் கிடையாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வேலையைச் செய்வது மழைத் தண்ணீர். அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் வேர்களும் மக்கும் இலைகளும் விடும் அதே வாயு இன்னும் சேருகிறது. இப்படி உண்டாகிற புளிப்பு மிகவும் இலேசானது, நாக்குக்குத் தெரியாது. ஆனால் பெல்ஸ்பாருக்குத் தெரியும். லட்சக்கணக்கான ஆண்டு இந்தத் தண்ணீர் பட்டுப் பட்டு, பெல்ஸ்பாரிலுள்ள சாம்பல் சத்தும் சோடாவும் சுண்ணாம்பும் கரைந்து ஓடிவிட, மிச்சம் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் அவ்வளவு எளிதில் கரையாது. அது பொடியாகி மணலாகிறது. இரும்புள்ள கறுப்புத் துகள் துருப்பிடிக்கிறது. காவேரி மணலும், குயவர் மிதிக்கும் களிமண்ணும், செவல் காட்டுச் சிவப்பும் ஒரே கல்லிலிருந்து வந்த பங்காளிகள் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

துருதான் இந்த நாடகத்தில் முக்கியமான வேஷக்காரன். இரும்புத் துரு தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தால் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கும். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டால் சிவப்பாகும். மஞ்சள் வைசியனுக்கும் சிவப்பு க்ஷத்திரியனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: கொஞ்சம் தண்ணீர்! இதற்கு ருசு வேண்டுமானால் செங்கல் சூளைக்குப் போங்கள். மஞ்சளும் சாம்பலுமான களிமண்ணை அறுத்துக் காயவைத்துச் சூளையில் அடுக்கித் தீ வைக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது சிவப்பாக வருகிறது. அதாவது உள்ளே வைசியனாகப் போன மண் வெளியே க்ஷத்திரியனாக வருகிறது. உபநயனம் யார் செய்து வைத்தார்கள்? விறகுதான் செய்து வைத்தது. அதே மண்ணைக் காற்றுப் புகாமல் புகையில் சுட்டால் கறுப்பாகிவிடும், அதாவது சூத்திரனாகிவிடும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் பூமிக்கடியிலிருந்து எடுத்த பழைய பானைகளில், வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாக இருப்பவை ஏராளம். ஒரே களிமண், ஒரே சூளை, ஒரே நெருப்பு, ஒரே பானை! காற்றுப் பட்ட பக்கம் சிவப்பு, படாத பக்கம் கறுப்பு. அந்தக் குயவன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரண்டு வருணத்தை ஒரு பானையில் ஒட்டிக் காட்டிவிட்டான். அவனிடம் யாரும் பாடம் கேட்கவில்லை.

இனி, கிணறு வெட்டினவர்களைக் கேளுங்கள். செம்மண் பிரதேசத்தில் வெட்டிய பல கிணறுகளில் கயிற்றில் இறங்கும்போது சுவரைப் பார்த்தால், மேலே ஒரு சாண் அளவு இலைதழை மக்கிக் கறுத்த மண். அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே மஞ்சளும் சிவப்பும் தேமல் போலக் கலந்த களி. இன்னும் கீழே பெல்ஸ்பார் மக்கி வெளுத்த பாறை, கையால் நெரித்தால் மாவாகும். அப்புறம்தான் கெட்டிப் பாறை. நாலு வருணமும் ஒரே கிணற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. எல்லாம் அடியில் இருக்கும் ஒரே பாறை பெற்ற பிள்ளைகள். சாஸ்திரக்காரர் வைத்த வரிசையில் பார்த்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேலே இருப்பது கறுப்பு, கீழே கிடப்பது வெள்ளை. பயிர் வேர் விட்டுப் பிழைப்பது அந்தக் கறுப்பில்தான்.

நிற்க, கரிசலுக்கு வருவோம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்தில் கரிசல் காடும் செவல் காடும் அடுத்தடுத்துக் கிடப்பதை அந்தப் பக்கத்துத் தோழர்கள் அறிவார்கள். தென்னிந்தியாவில் பல இடங்களில் மேட்டில் செவல், அதே மேட்டின் சரிவிறங்கிப் பள்ளத்துக்குப் போனால் கரிசல். அடிப்பாறை இரண்டுக்கும் ஒன்றுதான். அப்படியானால் நிறம் ஏன் மாறிற்று? மேட்டில் விழும் மழை நிற்காமல் வடிந்துவிடுகிறது. கரையக்கூடிய சுண்ணாம்பையும் மக்னீஷியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இரும்பு மாத்திரம் தங்கித் துருப்பிடித்துச் சிவக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது. மேட்டிலிருந்து வந்த சுண்ணாம்பும் மக்னீஷியமும் அங்கே சேருகின்றன. அதனால் அங்கே வேறு ஜாதிக் களிமண் உண்டாகிறது (இந்த ஜாதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது வெறும் வகை). அந்தக் களி, மழை பெய்தால் உப்பும். கோடையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மக்கிய தழைச்சத்து கொஞ்சமே இருந்தாலும் அந்தக் களியோடு இறுகப் பிடித்துக்கொண்டு மண் முழுவதையும் கறுப்பாக்கிவிடுகிறது. ஆகவே கறுப்பு, இழிவின் அடையாளமல்ல. மேட்டிலிருந்து இறங்கி வந்த சத்துச் சேர்ந்த இடத்தின் அடையாளம். மழை நின்ற பின்பும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பருத்தியைக் காப்பாற்றும் மண் அது.

குடியானவன் மண்ணுக்குப் பெயர் வைக்கவில்லையா? வைத்தான். செவல், கரிசல், வண்டல், களர், உவர், பொட்டல் என்று வைத்தான். ஒவ்வொரு பெயரிலும் அந்த மண்ணில் என்ன விளையும், தண்ணீர் நிற்குமா நிற்காதா என்ற அனுபவம் இருக்கிறது. அதில் யாருடைய பிறப்பும் இல்லை. மேற்கத்தியாரிடமும் ஓர் உதாரணம் சொல்லலாம். பிரான்சிஸ் புக்கானன் என்ற பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் மலையாளக் கரையில் ஒரு செம்புறைக்கல்லைப் பார்த்தார். வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும், செங்கல்லைப் போல வீடு கட்டலாம். உள்ளூர் ஜனங்கள் அதைச் செங்கல்லைக் குறிக்கும் தங்கள் சொல்லாலேயே அழைப்பதைக் கவனித்து, லத்தீனில் செங்கல்லுக்குள்ள பெயரைக் கொண்டு 1807-இல் அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். உழைக்கிறவன் வைத்த பெயர்தான் இன்று உலகமெங்கும் பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகங்களில் இருக்கிறது.

இனி சனாதனிகளை நாம் கேட்பது ஒன்றுண்டு. தமிழ்நாட்டு நிலத்தில் பாதிக்கு மேல் செம்மண். உங்கள் விதிப்படி அதெல்லாம் க்ஷத்திரியனுக்கு உகந்த மண். ஆனால் கலியுகத்தில் க்ஷத்திரியனும் வைசியனும் கிடையாது, முதல் வருணமும் கடைசி வருணமும் மாத்திரமே மிச்சம் என்று வாதாடினவர்களும் உங்கள் ஆட்கள்தானே? அப்படியானால் சிவப்பு மண்ணும் மஞ்சள் மண்ணும் யாருக்காகக் காத்துக் கிடக்கின்றன? இன்னொன்று. காவேரிப் பாசனத்தில் ராஜாக்கள் பிரமதேயமாகத் தானம் கொடுத்த நிலங்கள் எந்த நிறம்? குடகு மலையிலிருந்தும் வழியிலுள்ள காடு கரைகளிலிருந்தும் ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட சாம்பல் நிற, கறுத்த வண்டல். “கறுப்பு எங்கள் வருணத்துக்கு ஆகாது, வெள்ளை மண் இருக்கும் இடம் பார்த்துத் தாருங்கள்” என்று ஒருவராவது தானத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நாம் எந்தச் செப்பேட்டிலும் படித்ததில்லை. நெல் விளையும்போது நிறம் தெரியவில்லை!

வெள்ளை மண்ணின் யோக்கியதைதான் என்ன? உப்புப் பூத்த களர் நிலம் வெள்ளையாக இருக்கும். அதில் நெல் நட்டால் நாற்றுக் கருகும். உவர்மண் வெள்ளை பூத்திருக்கும். அதை வாரிக்கொண்டு போனவர்கள் சலவைத் தொழிலாளர்கள். கடற்கரை மணல் வெளிறியிருக்கும். அங்கே குடியிருப்பவர்கள் மீனவர்கள். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. பீங்கான் செய்ய நல்லது. கத்தரிக்காய் போட முடியாது. உத்தமமான மண் என்று எழுதின மண்ணில் சாஸ்திரக்காரர் ஒரு போகம் பயிர் செய்து பார்த்திருந்தால், வரிசையையே மாற்றி எழுதியிருப்பார்.

வைரத்தையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. அதே நூலில், வெள்ளை வைரம் பிராமணனுக்கு, சிவப்பும் மஞ்சளும் அரசனுக்கு, வாகைப்பூ நிறம் வைசியனுக்கு, வாள் போலக் கறுத்தது சூத்திரனுக்கு என்று பங்கு போட்டிருக்கிறது. ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய ரசாயனி 1797-இல் வைரத்தை எரித்துப் பார்த்து, அது கரியைத் தவிர வேறொன்றுமல்ல என்று காட்டினார். அடுப்புக் கரியும் பிராமண வைரமும் எரிந்தால் வருவது ஒரே கரியமில வாயு. வைரத்துக்கு மஞ்சள் வருவது பெரும்பாலும் நைட்ரஜன் வாயு அணுக்கள் இடையில் சிக்கிக்கொள்வதால்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுவோம். அந்த நூலில் முழுவதும் குப்பை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு முழம் குழி தோண்டி, எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டு, மண் மிஞ்சினால் நல்ல நிலம், குறைந்தால் ஆகாது என்று ஒரு சோதனை இருக்கிறது. குழியில் தண்ணீர் நிரப்பி நூறு அடி நடந்துபோய் வந்து, தண்ணீர் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியும் இருக்கிறது. மண் இறுகியதா பொலபொலத்ததா, தண்ணீர் எவ்வளவு வேகமாக உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் இந்த யுக்தி அறிவுக்குப் பொருத்தமானதே. வீடு கட்டிப் பழகிய ஏதோ ஒரு கொத்தன் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும். கொத்தனுடைய அனுபவத்தைப் பிடுங்கி, அதன் தலையில் வருணத்தைக் கட்டி, ரிஷி வாக்கு என்று திரும்ப அந்தக் கொத்தனுக்கே விற்றார்கள் என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

மண்ணுக்கு வருணம் சொன்னதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணை வகை பிரிப்பது மனிதனை எங்கே குடிவைப்பது என்பதற்காகத்தான். அந்த நூலிலேயே வீட்டின் அகலம் 32 முழத்தில் தொடங்கி, வருணத்துக்கு வருணம் நாலு முழமாகக் குறைந்துகொண்டே போகிறது. மனுவோ சண்டாளர் குடியிருப்பு ஊருக்கு வெளியே என்று தீர்த்துவிட்டார். இதன் பலனை இன்றும் நமது கிராமங்களில் கண்ணால் பார்க்கலாம். எத்தனையோ ஊர்களில் ஊர் மேட்டில் இருக்கிறது. சேரி பள்ளத்தில், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிறது. பெருமழையில் முதலில் தண்ணீர் புகுவது எந்தக் குடிசையில்? மண்சுவர் முதலில் கரைவது யாருடையது? தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வது இயற்கை. ஒரு கூட்டத்தாரைப் பள்ளத்தில் குடிவைத்தது இயற்கையல்ல. அது மனிதன் செய்த வேலை. “தலைவிதி” என்று அதற்குப் பெயர் வைத்தது இன்னொரு மனிதன் செய்த வேலை.

கரிசலில் வீடு கட்டினவர்களின் கஷ்டம் இன்னொரு மாதிரி. மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும் மண்ணின்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் சுவர் விரியத்தான் செய்யும். வீட்டுக்காரன் என்ன செய்கிறான்? வாசல் திசை சரியில்லை என்று வாஸ்துக்காரர் சொல்ல, வாசலை இடித்து வேறு பக்கம் வைக்கிறான். அடுத்த மழையில் புதுச்சுவரும் விரிகிறது. அப்புறம் ஹோமம். இதற்குச் செலவழித்த பணத்தில் பாதியைக் கொண்டு, மண் உப்பிச் சுருங்கும் ஆழத்துக்கும் கீழே கடைக்கால் இறக்கி, வீட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் தளம் போட்டிருந்தால் வீடு நின்றிருக்கும். அடி அகன்ற தூண்களைக் கரிசலில் ஆழமாக இறக்கி, அதன்மேல் கட்டும் முறை நம் நாட்டு என்ஜினியர்கள் பல காலமாகக் கைக்கொண்டு வருவது. அதற்குக் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டு செல்லுகிறது. அதை அடித்துக்கொண்டு போக ஒரு மழைக்காலம் போதும். நம் நாட்டு மண் ஆராய்ச்சியாளர்கள் 1983-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் இடம்பெயரும் மண் சுமார் 533 கோடி டன். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு திரும்பி வராமல் கடலுக்குப் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்கு அணைகளின் வயிற்றில் படிந்து அவற்றைத் தூர்க்கிறது. மிச்சம் ஓரிடத்திலிருந்து எடுபட்டு இன்னோரிடத்தில் விழுகிறது. மேட்டுக்காட்டில் மரத்தை வெட்டி, சரிவில் மேலும் கீழுமாக உழுது, வரப்பை உடைந்தபடி விட்டுவிட்டு, மழை வேண்டி யாகம் செய்தால் மழை வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து. வந்த மழை முதலில் எடுத்துக்கொண்டு போவது அந்த ஒரு சாண் கறுத்த மேல்மண்ணைத்தான். நிறத்தால் கடைசி என்று எழுதப்பட்டதும், சோறு போடுவதும் அதுதான்.

அடித்துப்போன மண் நம் ஊர் ஏரியில் படிகிறது. கோடையில் ஏரி வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது நம் குடியானவர்களின் பழைய வழக்கம். மழை பறித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் இந்த வேலையைவிட மேலான பூமி பூஜை எதுவும் இல்லை. ஏரிக்கும் ஆழம் கிடைக்கிறது, வயலுக்கும் எரு கிடைக்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவதும், வரப்புப் போடுவதும், ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கித் தடுப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தவை. மேட்டுக்காரன் வரப்புப் போடாவிட்டால் பள்ளத்துக்காரன் ஏரி தூர்ந்துவிடும். பள்ளத்துக்காரனைச் சேரியான் என்று ஒதுக்கிவிட்டு மேட்டுக்காரன் தனியாக வரப்புக் கட்டிப் பிழைக்க முடியாது, ஏனென்றால் ஓடை எல்லார் நிலத்திலும் புகுந்துதான் வருகிறது.

நிலம் வைத்திருக்கிற தோழர்கள் மண்ணின் குணத்தை அறிய வேண்டுமானால், முதலில் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஆடாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடியில் மணல் தங்கும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களி மறுநாள்வரைகூடக் கலங்கலாக நின்று கடைசியில் இறங்கும். மூன்று அடுக்கின் உயரத்தைப் பார்த்தால், தண்ணீர் நிற்கும் மண்ணா ஓடும் மண்ணா என்பது குழந்தைக்கும் தெரியும். அப்புறம் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் புளிப்பு, உப்பு, மக்குச்சத்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், போரான் என்று 12 சங்கதிகளைப் பார்த்து எழுதித் தருகிறார்கள். நிறத்துக்கு அதில் கட்டம் இல்லை. மண் எடுக்கும்போது வரப்போரத்திலும் மரத்தடியிலும் எருக்குப்பை போட்ட இடத்திலும் எடுக்காதீர்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் சருகைத் தள்ளிவிட்டு, அரையடி ஆழம் வெட்டி, குழியின் சுவரிலிருந்து சீவி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும்.